பாட்டிக்கு அடைமொழி வேண்டாம்

"அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம், கடவுள் பக்தி மிக்கவர்." பாட்டி இறந்ததும் எழுதப்படும் நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. பெயரை மாற்றினால் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். எண்பது வருடம் ஒருவர் வாழ்ந்ததற்கு இதுவா மிச்சம் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

எழுத உட்கார்ந்ததும் முதலில் அடைமொழிகளை அடித்துவிடுங்கள். ஒவ்வொன்றின் இடத்திலும் அவர் செய்த ஒரு காரியத்தை வையுங்கள். பக்தி என்ற இடத்தில்தான் ரொம்பப் பேர் வழுக்குகிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்து வேண்டினார், வாய்விட்டா மனசுக்குள்ளா, யார் யாருக்காக? பெரிய இழப்பு வந்தபோது வேண்டுவதை நிறுத்தினாரா, எப்போது திரும்ப ஆரம்பித்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும் விட அவருடைய நம்பிக்கையைக் காட்டும்.

எந்த மதமானாலும் சரி, அவர் கையில் வைத்துப் படித்த பிரார்த்தனைப் புத்தகம் இருந்தால் அதைப் பாருங்கள். கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்த ஓரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தத் தாள் தையல் விட்டுத் தனியாக வருகிறது, எந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு, நடுவில் செருகிய துண்டுச் சீட்டில் யார் யார் பெயர்? புத்தகத்தைக் குலுக்கிச் சீட்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். எந்தச் சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் முக்கியம். திறந்த பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். பைண்டிங்குக்குக் கொடுப்பதெல்லாம் அப்புறம்தான். ஓரத்தைச் சீராக்க வெட்டும்போது விளிம்பில் எழுதிய குறிப்புகளும் சேர்ந்து போய்விடும்.

அவர் செய்த உதவிகள் வீட்டுக்குள் பாதிகூடத் தெரிந்திருக்காது. சொல்லிக்கொண்டு செய்கிறவர்கள் அல்ல அவர்கள். துக்கம் கேட்க வந்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்து, ஒரு மாதத்துக்குள் கூப்பிட்டுப் பேசுங்கள். "பாட்டி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவங்க" என்பதோடு முடிந்துவிடும். "முதல்ல எப்ப பாத்தீங்க? அப்ப அவங்க என்ன செஞ்சிட்டிருந்தாங்க?" என்று கேளுங்கள், காட்சி வரும். உதவி பெற்றவர் பெயரை அவர் சம்மதிக்காமல் எழுதக் கூடாது. பாட்டி காத்த ரகசியத்தை நாம் உடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வாரமே ஒலிப்பதிவு செய்யுங்கள். முதியவர்கள் பழைய கதையையே பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலம் உண்டு. அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் இயல்பான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குமான நினைவுகள்தான் முதுமையில் அதிகம் மேலே வரும். அதனால் "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்காமல், பிறந்த வீட்டில் தொடங்குங்கள். வாசல் எந்தப் பக்கம், யார் எங்கே படுத்தார்கள்? ஒரு தாளில் வரைந்துகொண்டே கேட்டால் அறைக்கு அறை ஆட்கள் வந்துவிடுவார்கள். வருடம் கேட்டால் தடுமாறுவார். "பெரிய பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றால் சரியாகச் சொல்வார்.

ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். 2003இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னக் கூண்டு வைத்துச் சாதாரண மக்களின் பேச்சைப் பதிய ஆரம்பித்த ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு வைத்திருக்கும் அளவும் அதுதான். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு ஓரிரு சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி மாதிரி கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடருங்கள். நல்லாக் கேட்கும் காது பக்கம் உட்காருங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அடுத்த கேள்வியோடு பாயாதீர்கள்.

பாட்டியின் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் பெரிய தப்பு. "இல்லம்மா, அது அந்த வருஷம் இல்ல" என்று ஒருவர் திருத்திவிட்டால், அதற்கப்புறம் பாட்டி வாயே திறக்கமாட்டார். தேதியைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி வரும். போனில் மட்டும் வைக்காமல், இன்னும் இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறொருவர் வீட்டில். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் ஆகும். எழுதும்போது அவர் பேச்சுவழக்கைப் புத்தகத் தமிழாகத் திருத்தினால் அவர் அதில் இருக்கமாட்டார்.

பழைய படங்களை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும், முகம் தெளிவாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தழும்பு விடும். செல்லோடேப் பழுத்துக் கறை படியும்.

அவரைத் தெய்வமாகவும் ஆக்க வேண்டாம். கோபம் இருந்ததா, யாரோடாவது வருடக்கணக்கில் பேசாமல் இருந்தாரா? அவரே அதைச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். அடுத்தவர் மானம் போகும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பதிவு முடிகிற நேரத்தில், "போதும்ப்பா, நான் என்ன பெருசா செஞ்சுட்டேன்" என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்ப்பார். உடனே அணைத்துவிடாதீர்கள். "இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் விடுங்கள்.