எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள்

சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பொறுத்திருந்தேன். இன்று காலை அந்த வீடியோ எங்கள் தெருக் குழுவுக்கும் வந்துவிட்டது. இனி பொறுக்க முடியாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையை அத்தனை பெற்றோர் முன்னால் நிறுத்தி, அவள் கைபேசியில் சமூக ஊடகத்துக்குப் போன நேரத்தைப் பார்த்து "ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்" என்று மைக்கில் வாசித்தார்கள். கைதட்டல் வேறு. தலைகுனிந்து நின்றவளைப் படமெடுத்துக் கோத்தகிரி முழுக்க அனுப்பியவர்கள், கைதட்டிய அதே பெரியவர்கள்தான்.

மணிக்கணக்கு கேட்டீர்களே, 'ஏன் அம்மா?' என்று ஒருவராவது கேட்டீர்களா?

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் முகநூலுக்கு ஒருவர் எவ்வளவு அடிமை என்று அறிய ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பிறகு அது எல்லாச் சமூக ஊடகங்களுக்கும் விரிந்தது. ஆறே கேள்விகள். எந்நேரமும் அதே நினைப்பா, இன்னும் இன்னும் வேண்டுமென்று தோன்றுகிறதா, கவலையை மறக்க அங்கே போகிறாயா, குறைக்க முயன்று முடியாமல் போனதா, தடுத்தால் தவிக்கிறாயா, படிப்பு கெடுகிறதா. எத்தனை மணி நேரம் என்ற கேள்வியே அதில் இல்லை. அந்த மூன்றாவது கேள்வியை அவளைத் தனியே உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

எளிதில் பதறுகிற, மனம் வாடுகிற இயல்புள்ளவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட பிள்ளையைச் சபையில் அவமானப்படுத்தினால் அன்றிரவு அவள் எங்கே போய் ஒளிவாள்? அதே கைபேசிக்குள்தான்.

என் மூத்தவளுக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்தது நான். 2020-இல் வகுப்பு அதில்தான் நடந்தது. சிக்னலுக்காகத் தேயிலைத் தோட்டத்து மேட்டில் அவள் நிற்க, நான் குடை பிடித்தேன். பிறகு கூடலூரிலிருந்து இங்கே பள்ளி மாற்றினோம். இரவெல்லாம் கைபேசி. ஒருநாள் பறித்து அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன், சோம்பேறி என்று திட்டினேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சொன்னாள்: "அங்கேதான் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்." புதிய பள்ளியில் அவள் 'கூடலூர்க்காரி'. எனக்கு அது அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

டெசி, ரயான் என்ற உளவியலாளர்கள் மனிதரை இயக்கும் தேவைகள் மூன்று என்கிறார்கள்: தானே முடிவெடுப்பது, தன்னால் முடியும் என்ற உணர்வு, நமக்கென்று நாலு பேர். இவற்றில் எதை நாம் இந்த மலையில் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்? பள்ளி பஸ் வந்து இறங்கினால் சற்று நேரத்தில் இருட்டு. கரடி வரும், வழியில் காட்டெருமை நிற்கும், வெளியே போகாதே என்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. வடகிழக்கு மழை பிடித்தால் பகலிலும் வீட்டுச் சிறைதான். தோழி வீடு அடுத்த ஊரில். அவர்கள் கூடிப் பேச வேறு எந்த இடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

செல்லம் கொடுக்கிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெடும், எனக்கும் பயம் உண்டு. 'ஆஸ்திரேலியாவே 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகத்துக்குத் தடை போட்டுவிட்டது' என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஆம், 2025 டிசம்பர் 10 முதல். அந்தச் சட்டத்தில் அபராதம் நிறுவனங்களுக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. எந்தப் பிள்ளையையும் மேடையேற்றச் சொல்லவும் இல்லை. நாம் மட்டும் தண்டனையைப் பதினைந்து வயதுக்காரி தலையில் இறக்கிவிட்டு, கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட்டோம்.

என் இளையவளும் அவளும் ஒரே பஸ். நேற்றும் இன்றும் அவள் வரவில்லை. வீடியோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றிரவுக்குள் அழித்துவிடுங்கள். அனுப்பியவர்களில் யாராவது ஒருவர் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.