உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

தீம் பார்க் போவது பற்றிய கட்டுரை ஒன்றில், கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள் என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சீக்கிரம் போகிறவர்களும் வாசலை ஒட்டிய முதல் ராட்டினத்திலேயே வரிசை கட்டிவிடுகிறார்கள். நேராகப் பூங்காவின் கடைசிக்கு நடந்துபோய், அங்கிருந்து திரும்பி வருவதுதான் புத்திசாலித்தனம்.

அந்தக் கட்டுரையில் விட்டுப்போன விஷயம், பிள்ளைகளின் உயரம். பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றுக்கு 120 செ.மீ. வேண்டும், சிலவற்றுக்கு 140. என் மகள் முக்கால் மணி நேரம் நின்று அளவுகோலுக்கு அடியில் போனால், இரண்டு விரற்கடை குறைகிறது! நைசாகக் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். ஊழியர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே அளந்து, பூங்காவின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கிறதா? ஒருவர் குழந்தையோடு நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும் ஆளை மாற்றிக்கொள்ளும் வசதி பல பூங்காக்களில் உண்டு. இரண்டாமவர் மறுபடி முழு வரிசையும் நிற்க வேண்டாம். பெரும்பாலும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்புறம், தண்ணீர் ராட்டினத்தில் ஜீன்ஸோடு ஏறாதீர்கள். சாயங்காலம் வரை காயாது, தொடை உரசி நடக்கவே முடியாது. அனுபவம்தான்.