‘கணினியில் ஓடினால் சிப்பிலும் ஓடும்’ என்பது உண்மையா?

டர்பன் பக்கம் நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: டிஎஸ்பி ஃபில்டரை (ஒலியை எண்களாக்கி, வேண்டாததை வடிகட்டும் நிரல்) மடிக்கணினியில் சோதித்துச் சரியாக வந்தால் அப்படியே சிப்பில் ஏற்றிவிடலாமாம், நடுவில் எந்த வேலையும் வேண்டாமாம். தப்பு. மலிவான 16 பிட் ஃபிக்ஸட் பாயிண்ட் சிப் (எண்ணில் புள்ளியின் இடம் மாறாதது) என்றால் ரொம்பவே தப்பு.

காவடி நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும் உறுமலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மின்சாரத்திலிருந்து வருவது, இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அதிர்வு. அதை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரை 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது, ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) போட்டால் ஒரு குணகம் (ஃபில்டர் பெருக்கப் பயன்படுத்தும் எண்) 1.999957 என்று வரும், மடிக்கணினியின் 64 பிட் எண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 2 வரை போகும் எண்களை 16 பிட்டில் வைத்தால் கிடைக்கும் மிகப்பெரிய மதிப்பே 1.999939தான், அந்த நூலிழை வித்தியாசத்தில் வெட்டு ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், உறுமல் அப்படியே இருக்கும். (மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் அமெரிக்காவில் வேண்டுமானால் வேலை செய்யும்!)

சரி, என்ன செய்வது? கணினிச் சோதனையையே முதலிலிருந்து 16 பிட்டில், சிப் செய்கிற மாதிரியே ரவுண்டிங் (கிட்டத்து எண்ணுக்கு மாற்றுவது), சாச்சுரேஷன் (எல்லை தாண்டினால் உச்ச மதிப்பிலேயே நிறுத்துவது) எல்லாம் வைத்து ஓட்டுங்கள். அப்போதும் நகர்ந்தால் அந்தக் குணகத்தை மட்டும் 32 பிட்டில் வையுங்கள், அல்லது 2இலிருந்து அது எவ்வளவு குறைகிறதோ அதைத் தனியாகச் சேமியுங்கள். அப்புறம் நேரக் கணக்கு: ஒரு சாம்பிளுக்குக் கிடைப்பது சுமார் 20.8 மைக்ரோ விநாடிதான், அதை மடிக்கணினியில் அளந்து பயனில்லை, சிப்பிலேயே அளக்க வேண்டும்.