முட்டி வலிக்காரர் தேர்ந்தெடுக்கும் பீச்

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் டிசம்பரில் குடும்பத்தோடு கரீபியன் குரூஸ் போகிறார். மயாமியில் ஏறி ஏழு நாள்: செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், கடைசியாகக் கப்பல் கம்பெனியின் சொந்தத் தீவு. ஊரிலிருந்து அவருடைய அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். "அக்கா, எந்த பீச் பெஸ்ட்னு சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. கூடவே பத்துப் படங்கள். பத்திலும் அதே நீலம், அதே சாய்ந்த தென்னை.

என் பதிலும் ஒரு வரிதான். உங்கள் கூட்டத்தில் யாருக்கு முட்டி வலியோ, அவருக்கு எது சரிப்படுமோ அதுதான் பெஸ்ட். இது தெரிய எங்களுக்கு இரண்டு பயணம் ஆனது.

முதல் தடவை நானும் படத்தைப் பார்த்து மயங்கியவள்தான். செயின்ட் தாமஸில் கப்பல் நிற்கும்போது பக்கத்துத் தீவான செயின்ட் ஜானில் இருக்கும் டிரங்க் பேக்குப் போயே தீருவது என்று முடிவு செய்தேன். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கடற்கரை. தண்ணீருக்கடியில் பலகை நட்டு, முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டி மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கலிங்காரர்களுக்கு வழிகாட்டும் பாதைகூட வைத்திருக்கிறார்கள். கப்பல் காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்பும். ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

இறங்கவே ஒன்பது ஆகிவிட்டது. அங்கே டாக்ஸி என்பது பின்னால் வரிசையாகப் பெஞ்சு போட்ட திறந்த லாரி. ஆள் நிரம்பினால்தான் நகரும். மலைச்சாலையில் வளைந்து வளைந்து ரெட் ஹூக் படகுத்துறை, அங்கே காத்திருப்பு, இருபது நிமிடப் படகு, இறங்கி இன்னொரு லாரி. அந்த லாரிகளின் படி என் இடுப்பளவு உயரம். எங்களோடு வந்த என் அம்மாவை ஒவ்வொரு தடவையும் இவர் கீழிருந்து தாங்க, நான் மேலிருந்து இழுக்க, ஏற்றி இறக்கினோம். மணலில் கால் வைக்கும்போது பதினொன்றரை. ஒன்றரை மணிக்கெல்லாம் "கிளம்பலாமா, படகு கிடைக்காமல் போய்விட்டால்?" என்று எனக்கே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. டிரங்க் பே அழகில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அம்மாவிடம் கேட்டால் அவருக்கு நினைவிருப்பது லாரிப் படி மட்டும்தான்.

இரண்டாம் தடவை அதே செயின்ட் தாமஸில் மேகன்ஸ் பே. துறைமுகத்திலிருந்து மலையைத் தாண்டினால் மறுபக்கம். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் ஒரு மைல் நீளத்துக்கு மணல். ஆர்தர் ஃபேர்சைல்டு என்பவர் தன் சொத்தாக இருந்த இந்தக் கடற்கரையை 1946இல் தீவு மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அதற்குப் பதிலாகக் கழிப்பறை, நன்னீர்க் குளியல், லைஃப்கார்டு, சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கிறது. விரிகுடா உள்வாங்கி இருப்பதால் தண்ணீர் ஏரி மாதிரி. மீன் பார்க்க வருபவர்களுக்கு இது ஏமாற்றம்தான். அவர்கள் கோக்கி பீச்சுக்குப் போகட்டும். அது சின்ன இடம், கூட்டமும் வியாபாரிகளின் சத்தமும் இருக்கும், ஆனால் கரையை ஒட்டியே மீன் கூட்டம். மேகன்ஸில் அம்மா நைட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "இந்தத் தண்ணி அலையே அடிக்காதா?" என்று மட்டும் நடுவில் ஒரு தடவை கேட்டார்.

அது அவருக்கு ஆச்சரியமாக இருந்ததே எனக்கு ஆச்சரியம். நாங்கள் ராமேஸ்வரம் பக்கம். பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், மறுபக்கம் அமைதியான பெண் கடல் என்று சொல்லி வளர்ந்தவர்கள். கரீபியன் தீவுகளும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல்தான். அதனால் கிழக்குக் கரையில் அலை அடிக்கும், நீரோட்டம் இழுக்கும். மேற்குக் கரை சாதுவாகக் கிடக்கும். பார்படோஸ் தீவில் கிழக்கே பாத்ஷீபா கடற்கரை, பாறையும் நுரையுமாகப் படத்துக்கு அபாரமாக இருக்கும், ஆனால் குளிக்கிற கடல் அல்ல. குளிக்க மேற்குக் கரை, அல்லது தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் பே. மெக்சிகோவின் கோசுமெல் தீவிலும் இதே கதை. பீச் கிளப்புகள் எல்லாம் ஏன் மேற்குப் பக்கமே வரிசையாக இருக்கின்றன என்று நான் வெகுநாள் யோசித்ததில்லை. வரைபடத்தில் தீவைப் பார்த்து, பீச் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பாசிக்கும் இதே கணக்கு. 2011இலிருந்து சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்குகிறது. கரையில் கிடந்து அழுகினால் அழுகின முட்டை நாற்றம். காற்றுக்கு எதிர்ப்பட்ட கிழக்குக் கரைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. கோடையில்தான் தொல்லை அதிகம், டிசம்பரில் போகிற தம்பிக்கு அவ்வளவு பயமில்லை.

அடுத்தது செயின்ட் மார்ட்டின். இங்கேதான் எல்லோரும் ஆசைப்பட்டுக் கெடுகிறோம். ஒரே சின்னத் தீவு. தெற்குப் பாதி டச்சு, வடக்குப் பாதி பிரெஞ்சு. 1648 ஒப்பந்தத்தில் பிரித்துக்கொண்டார்கள். விமானம் தலைக்கு மேலேயே இறங்கும் மஹோ பீச், பிரெஞ்சுப் பக்கம் ஓரியன்ட் பே, நடுவில் ஷாப்பிங் என்று மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேன் பேசினோம். தீவில் பெரிய சாலைகள் குறைவு. மதியத்துக்குமேல் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். மஹோவிலிருந்து திரும்பும்போது மாட்டிக்கொண்டோம். டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு நிதானமாக இருந்தார், பின்னால் நாங்கள் பதினோரு பேர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பல் ஏணியை எடுக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கப்பல் கம்பெனியிடமே வாங்கின டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் பேசின வேனுக்குக் காத்திருக்காது.

மஹோவைப் பற்றி இன்னொன்று. விமானம் கிளம்பும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வீரமாகச் செய்கிறார்கள். 2017இல் அப்படி நின்ற நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர், எஞ்சின் காற்று தூக்கி எறிந்து இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருக்கிறது, அதற்கு முன்னால் நின்றே செல்ஃபி எடுக்கிறார்கள். ஓரியன்ட் பேயில் தெற்குக் கோடி உடையில்லாமல் உலாவுகிறவர்களுக்கான பகுதி. எனக்குத் தெரியாது. "கொஞ்சம் நடந்துட்டு வரலாம் வாம்மா" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அப்புறம் அன்று இரவுச் சாப்பாடு வரை அம்மா என்னோடு பேசவில்லை.

அந்தத் தீவில் என் ஓட்டு, யாரும் பெருமையாகப் படம் போடாத பிலிப்ஸ்பர்க் பீச்சுக்கு. கப்பல் நிற்கும் அதே விரிகுடா, கிரேட் பே. துறையிலிருந்து நடக்கலாம், நடக்க முடியாதவர்களுக்குச் சின்னப் படகு இருக்கிறது. கடைத்தெருவும் கழிப்பறையும் பின்னாலேயே. தலையைத் தூக்கினால் நம் கப்பல் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே குளிக்கும்போது வருகிற நிம்மதி எந்த நீலத்திலும் வரவில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று. எந்தத் தீவிலும் போனைப் பார்த்து மணி சொல்லாதீர்கள், அது தீவின் நேரத்துக்கு மாறியிருக்கலாம். கோசுமெல் இருக்கும் மாநிலம் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஜூலையில் மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், உங்கள் போனில் மூன்றரை என்றால் கப்பலில் நாலரை. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கிராண்ட் கேமன் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, டெண்டர் என்ற சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். துறைமுகம் கட்டலாமா என்று 2025இல் மக்களிடமே வாக்கெடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் ஊர், அவர்கள் இஷ்டம். நாம் போக ஒரு மணி, வர ஒரு மணி கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கப்பல் கம்பெனிகளின் சொந்தத் தீவுகளைப் பற்றிக் கேட்கிறீர்களா? நாற்காலி, நிழல், சாப்பாடு, சக்கர நாற்காலிக்குப் பாதை, எல்லாம் உண்டு. முட்டி வலிக்காரருக்கு சொர்க்கம். எனக்கு அரை நாளில் சலித்துவிட்டது. கப்பலில் பார்த்த அதே முகங்கள், அதே பர்கர்.

தம்பி, இரண்டு சின்ன விஷயம். செயின்ட் தாமஸ் இருக்கும் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்க்ரீனை 2020இலிருந்து தடை செய்திருக்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்த்திருக்கும் மரம் மேன்சினீல். பழம் விஷம், பால் எருக்கம்பாலைவிட மோசம், பட்டால் கொப்புளம். மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது. சில இடங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல. கீழே கிடக்கிற எந்தப் பழத்தையும் எடுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் உங்கள் அம்மாவுக்கும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "சூப்பர் அக்கா. மேகன்ஸ், பிலிப்ஸ்பர்க் ஃபிக்ஸ். ஆனா அப்பா மஹோல பிளேன் பார்க்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

முட்டி வலி அவருக்குத்தான்.