ஆந்தனி ரிச்சர்ட்சன் கதை முடியவில்லை

போன வாரம் மகனின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடியிலிருந்து அந்த நீல ஜெர்சி வந்தது. ஐந்தாம் நம்பர், முதுகில் ரிச்சர்ட்சன் என்ற பெயர். "சின்னதாயிடுச்சே, யாருக்காவது கொடுத்துடலாமாடா?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, இருக்கட்டும்" என்று வாங்கி மறுபடி உள்ளே வைத்துவிட்டான். அவனுக்குப் பதிமூன்று வயது. மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது இந்த ரிச்சர்ட்சன் ஜெர்சியைப் பற்றிச் சொன்னேன். கூட வேலை செய்பவர் ஒருவர், "அவனா? அவன் கதை எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

நான் பேசுவது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. நாங்கள் இருப்பது இண்டியானாபோலிஸில், ஊர் அணி கோல்ட்ஸ். 2023 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நான்காவது ஆளாக கோல்ட்ஸ் எடுத்த குவாட்டர்பேக்தான் ஆந்தனி ரிச்சர்ட்சன். குவாட்டர்பேக் என்றால் அணியின் மூளையும் கையும் அவர்தான். பந்து அவர் கைக்கு வந்ததும் இரண்டரை மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிந்தாக வேண்டும். அதற்குள் நூற்று முப்பது கிலோ ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

2024 செப்டம்பர் 8, ஹூஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்துக்கு மகனை லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனேன். மேல் அடுக்கில், எங்கள் கைக்கு எட்டிய விலைக்கு இரண்டு சீட். அன்று ரிச்சர்ட்சன் எறிந்த ஒரு பந்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எதிராளி முகத்துக்கு நேரே வந்துவிட்டான், இவர் பின்னால் சாய்ந்துகொண்டே பின்னங்காலில் நின்று எறிந்தார். பந்து ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் வரிசையில் எல்லாரும் எழுந்துவிட்டோம், ஆனால் யாரும் கத்தவில்லை. எங்கள் அணியின் அலெக் பியர்ஸ் கையில் அது விழுந்த பிறகுதான் அந்தக் கூரையே பிளக்கிற மாதிரி சத்தம் வந்தது. 60 யார்டு டச் டவுன், அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் கிடைக்கும் ஆறு பாயிண்ட். ஆட்டத்தில் 29-27 என்று தோற்றோம், ஆனால் மகன் வீடு வரும்வரை அந்த ஒரு பந்தைப் பற்றியேதான் பேசினான்.

ஏழு வாரம் கழித்து அதே ஹூஸ்டன், இப்போது அவர்கள் ஊரில். முதல் பாதியில் ரிச்சர்ட்சன் எறிந்த 15 பந்துகளில் இரண்டுதான் பிடிபட்டன. மூன்றாம் கால்பகுதியில், எதிராளிகளிடமிருந்து தப்பித் தப்பி ஓடிய ஒரு முயற்சி முடிந்ததும், பெஞ்சைப் பார்த்துக் கை காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; அது மூன்றாவது டவுன். அந்த ஒரே ஒரு முயற்சிக்கு இரண்டாவது குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ உள்ளே போனார். ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேட்டபோது, ரொம்ப ஓடிவிட்டேன், களைப்பாக இருந்தது, அடுத்த முயற்சியில் ஆட முடியும் என்று தோன்றவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். பொய் சொல்லியிருக்கலாம். கணுக்கால் சுளுக்கு என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் செய்தது தப்புதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மற்ற பத்து பேரும் அதே களைப்போடு நின்றுகொண்டிருக்கும்போது குவாட்டர்பேக் வெளியே போகக் கூடாது. அந்த வாரமே அவரை உட்காரவைத்துவிட்டு 39 வயது ஃப்ளாக்கோவை ஆடவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து இந்த ஊர் அந்தப் பையனுக்கு ஒட்டிய பெயர் இருக்கிறதே, சோம்பேறி என்று, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது அவருக்கு 22 வயது. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப ஆடவிட்டபோது நியூயார்க் ஜெட்ஸ் ஊரில் போய், 30-ல் 20 பந்து சரியாக எறிந்து, கடைசி நிமிடத்தில் தானே பந்தோடு கோட்டைத் தாண்டி 28-27 என்று ஜெயித்துக் கொடுத்தார். அதற்கு இரண்டு ஆட்டம் தள்ளி நியூ இங்கிலாந்தில் ஏழு பாயிண்ட் பின்தங்கியிருந்த நிலையில், கடைசி நொடிகளில் நான்காவது டவுனில் பியர்ஸுக்கு டச் டவுன் எறிந்துவிட்டு, ஒரு பாயிண்ட் தரும் உதையோடு சமன் செய்தால் போதும் என்று நிற்காமல், கூடுதல் இரண்டு பாயிண்டுக்காகத் தன் உடம்பையே உள்ளே தள்ளினார். 25-24. சோம்பேறி செய்கிற காரியமா இது?

அப்படியானால் 2024-ல் ஏன் நூற்றுக்கு 48 பந்துகூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை? எறிந்தது 264, பிடிபட்டது 126. டச் டவுன் 8, இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி பிடித்துக்கொண்ட பந்து, 12. இந்தக் காலத்தில் எந்த அணியும் பொறுத்துக்கொள்ளாத கணக்கு இது. நான் அதை மழுப்ப வரவில்லை.

பதில் அவர் காலில் இருக்கிறது. தூரத்துப் பந்தை அவர் கை பார்த்துக்கொள்ளும், அது பிறவியிலேயே வந்த கை. ஏழெட்டு யார்டு தள்ளி நிற்பவனுக்குப் போடுகிற சின்னப் பந்துதான் தலைக்கு மேலேயோ கால் பக்கமோ போகும். அடுத்த தடவை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னங்கால் எறிய வேண்டிய திசைக்குக் கொஞ்சம் குறுக்கே விழுந்திருக்கும், இடுப்பு திரும்பியிருக்காது, கை மட்டும் தனியாக வேலை செய்யும். பந்து பிடிக்க ஓடுகிறவர்களில் முதல் ஆளிடமிருந்து இரண்டாவது ஆளுக்குக் கண் போகும்போது காலும் கூடவே நகர வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து உடம்பில் ஊறினால்தான் அது வரும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்சன் முதல் குவாட்டர்பேக்காக இறங்கியது மொத்தமே 13 ஆட்டம். மூன்று வருடம் முழுசாக ஆடிவிட்டு வருகிறவர்களே திணறுகிற இடத்துக்கு 13 ஆட்டத்தோடு வந்தார்.

எதைப் பார்த்து எடுத்தார்கள் என்பதும் தெரிந்ததுதான். டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை எங்கள் ஊர் ஸ்டேடியத்தில்தான் நடந்தது. ஆறடி நாலங்குலம், 244 பவுண்டு உடம்பை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எம்பினார். இதற்கு முன் எந்தக் குவாட்டர்பேக்கும் அங்கே அவ்வளவு எம்பியதில்லை. 40 யார்டை 4.43 நொடியில் ஓடினார். ஊரே வாயைப் பிளந்தது. அப்புறம், ஆடி ஆடித்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று முதல் வாரமே களத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் தலையில் அடி. ஐந்தாவது வாரம் தோள் போனது, அறுவை சிகிச்சை, அந்த வருடம் நாலே ஆட்டத்தோடு முடிந்தது. ஆடியும் கற்கவில்லை, உட்கார்ந்தும் கற்கவில்லை. இந்த ஊர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சாம் டார்னால்டைப் பாருங்கள். 2018 டிராஃப்டில் மூன்றாவது ஆள், 21 வயதில் ஜெட்ஸ் அணியின் முதல் நாள் குவாட்டர்பேக். எறிந்த முதல் பந்தையே எதிராளி பிடித்துக்கொண்டு ஓடி டச் டவுன் போட்டான். அடுத்த வருடம் அக்டோபரில் நியூ இங்கிலாந்துக்கு எதிராகத் திங்கள் இரவு ஆட்டம். அன்று அவர் சட்டையில் மைக் மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, பேய்கள் தெரிகின்றன என்று அவர் சொன்னது நாடு முழுக்க டிவியில் போனது. களத்தில் இல்லாத ஆள் இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். 33-0 என்று தோல்வி, நான்கு இன்டர்செப்ஷன். அதற்கப்புறம் வருடக்கணக்கில் அந்தப் பேயை வைத்தே அவரைக் கேலி செய்தார்கள். ஜெட்ஸ் கைவிட்டு கரோலினாவுக்கு அனுப்பியது, அங்கேயும் எடுபடவில்லை.

அவர் மீண்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? 2023-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிராக் பர்டிக்குப் பின்னால், இரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தபோதுதான் என்பேன். கைல் ஷனஹன் என்ற கோச்சிடம் ஒரு வருடம். அந்த வருடம் முழுக்க அவர் முதல் ஆளாகத் தொடங்கியது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கடைசி வாரம். அடுத்த வருடம் மினசோட்டா ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. அப்போதும் அவரை முதல் ஆளாக நினைத்து எடுக்கவில்லை, புதிதாக எடுத்த மெக்கார்த்தி தயாராகும்வரை சமாளிக்கத்தான். மெக்கார்த்தியின் முழங்கால் போனது, இவர் ஆடினார். 14 வெற்றி, 35 டச் டவுன். கடைசியில் டெட்ராய்ட்டிலும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றில் ராம்ஸ் அணியிடமும் விழுந்தபோது, பார்த்தாயா, பழைய டார்னால்டுதான் என்றார்கள். அந்த ராம்ஸ் ஆட்டத்தில் ஒன்பது தடவை அவரைச் சாய்த்தார்கள். முன்னால் நின்று காக்க வேண்டியவர்கள் வழிவிட்டால் எந்தக் குவாட்டர்பேக்கும் என்ன செய்வார்? சியாட்டில் அவரை நம்பியது. 2026 பிப்ரவரியில் அவர் சூப்பர் பவுல் என்ற லீகின் இறுதிப்போட்டியை ஜெயித்தது யாருக்கு எதிராகத் தெரியுமா? அதே நியூ இங்கிலாந்து. 29-13. நான் நியூ இங்கிலாந்தை வெறுப்பவனும் இல்லை, சியாட்டில் ரசிகனும் இல்லை. அன்று இரவு கண் கலங்கிவிட்டது.

இது புதுக் கதையும் இல்லை. ஜிம் பிளங்கெட் 1971 டிராஃப்டில் முதல் ஆள். நியூ இங்கிலாந்தில் அடிபட்டு அடிபட்டு உடம்பு நொந்து, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், 1978-ல் அவர்களும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் சேர்த்துக்கொண்டது. அந்த வருடம் ஒரு பந்துகூட எறியவில்லை, அடுத்த வருடம் 15 பந்து. 1980-ல் முதல் ஆள் டான் பாஸ்டரினியின் கால் முறிந்ததும் உள்ளே போனார். போன அன்றே ஐந்து இன்டர்செப்ஷன்! இந்தக் காலமாக இருந்தால் அன்று இரவே அவர் பெயர் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் அந்த அணி அவரைத் தொடர்ந்து ஆடவிட்டது. அந்த சீசன் முடிவில் சூப்பர் பவுல், ஆட்டநாயகன் விருதும் அவருக்கே. மூன்று வருடம் கழித்து இன்னொரு சூப்பர் பவுலும் ஜெயித்தார்.

ஜீனோ ஸ்மித்தும் அப்படித்தான். 2015-லிருந்து 2021 வரை ஏழு சீசனில் அவர் தொடங்கியது ஐந்தே ஆட்டம். 2022-ல் சியாட்டிலில் வாய்ப்புக் கிடைத்தபோது அந்த வருடம் லீகிலேயே அவர்தான் மிகத் துல்லியமாக எறிந்தார், நூற்றுக்கு ஏறக்குறைய 70.

உடனே ஒருவர் கேட்பார், ஜாஷ் ரோசன் என்ன ஆனார் என்று. நியாயமான கேள்வி. டார்னால்டு எடுக்கப்பட்ட அதே டிராஃப்டில் பத்தாவது ஆள். ஒரே வருடத்தில் அரிசோனா கைலர் மரே என்ற புதுக் குவாட்டர்பேக்கை எடுத்துவிட்டு இவரை மயாமிக்குத் தள்ளியது. அப்புறம் அணி அணியாக அலைந்தார், எங்கும் நிற்கவில்லை. எல்லாரும் மீள்வதில்லை, பெரும்பாலானவர்கள் மீள்வதே இல்லை. உழைத்தால் யாரும் மேலே வரலாம் என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையில்லை. மீண்டவர்கள் எல்லாருக்கும் யாரோ ஒருவர் ஒரு இடமும் கொஞ்சம் காலமும் கொடுத்திருக்கிறார்கள். அது கிடைக்காமல் போனவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரிச்சர்ட்சனுக்கு அது இங்கே கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் கோல்ட்ஸ் கோச் ஷேன் ஸ்டைக்கன் முதல் ஆளாக டேனியல் ஜோன்ஸை அறிவித்தார். சரி, ஜோன்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸ் கைவிட்ட ஆள்தான், நன்றாகவே ஆடினார், அதில் எனக்குச் சந்தோஷம்தான். உண்மையில் நான் நினைத்தேன், நல்லதாகப் போயிற்று, பையன் ஒரு வருடம் நிம்மதியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும் என்று. அக்டோபரில் ஒரு ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும்போது ரப்பர் பட்டை விட்டு முகத்தில் அடித்து, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தது. டிசம்பரில் ஜோன்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தபோது, ரிச்சர்ட்சன் இறங்கும் நிலையில் இல்லை. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகப்போகிற, தாத்தாவாகிவிட்ட 44 வயது ஃபிலிப் ரிவர்ஸைக் கூப்பிட்டு ஆடவைத்தார்கள். அன்று டிவி முன் உட்கார்ந்து மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னிடம் கேட்டால், அவருக்கு இனி வேண்டியது உடனே முதல் ஆள் பதவி இல்லை. யாராவது அப்படிக் கொடுத்தால் பயப்படுவேன். நன்றாக ஆடும் ஒரு மூத்த குவாட்டர்பேக்குக்குப் பின்னால், தினமும் காலைத் திருத்த நேரம் ஒதுக்குகிற ஒரு கோச்சின் கீழ், ஒரு முழு வருடம். முதலில் கண்ணும் தோளும் முழுசாகத் தேற வேண்டும். இன்னொரு பயமும் இருக்கிறது. இவ்வளவு வேகமாக ஓடுகிறாரே என்று ஆட்டத்துக்கு நாலு தடவை ஓடவிட்டு வேடிக்கை காட்டுகிற அணி கையில் மாட்டிவிடக் கூடாது. அதில் கைதட்டல் கிடைக்கும், கால் திருந்தாது, உடம்பில் அடிதான் சேரும்.

மொத்தம் 15 ஆட்டம்தான் தொடங்கியிருக்கிறார். 15 ஆட்டத்தை வைத்து ஒரு பையனின் வாழ்க்கையையே மூடிவிட்டுச் சாப்பிடப் போகிற அளவுக்கு நமக்கு என்ன அவசரம் என்றுதான் அந்த மதியம் நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது வாயில் வார்த்தை வரவில்லை.

ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும். எந்த ஊர்ச் சட்டையில் அவர் இறங்கினாலும், நாலாம் கால்பகுதியில் அரங்கம் பாதி காலியான பிறகு இறங்கினாலும், நானும் மகனும் உட்கார்ந்து பார்ப்போம். அறுபது யார்டு பந்து வேண்டாம். ஏழு யார்டு தள்ளி நிற்பவனுக்கு அவர் எறியும்போது முன்னங்கால் எங்கே விழுகிறது என்று அவனை எண்ணச் சொல்லியிருக்கிறேன்.