"எல்லாம் கிருமிதானே" என்பவர்களுக்கு

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய் அதற்கு இன்னும் கூட்டம் சேர்க்க வேண்டாம். "எல்லாம் கிருமிதானே, கிருமியைக் கொல்லத்தானே ஆன்டிபயாடிக், ஜுரம் வந்ததும் மூன்று நாள் போட்டால் வேலை முடிந்தது" என்கிறார் அதில் பேசுபவர், சிரித்துக்கொண்டே. சரி, அவர் பிழைப்பு அது. அதற்குக் கீழே நான் இரண்டு வரி எழுதியதற்கு வந்த பதில்கள்தான் தூங்க விடவில்லை. "மேடம் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும், நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம்." நல்லது. மைக்ராஸ்கோப்பைப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த உரிமையில் சொல்கிறேன், எல்லாம் ஒன்று இல்லை.

பாக்டீரியா ஒரே செல்தான் என்றாலும் தன் காலில் நிற்கும் உயிர். அதற்கென்று செல் சுவர் உண்டு, புரதம் செய்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. 1928-இல் விஞ்ஞானி ஃபிளெமிங் கண்ட பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக் அந்தச் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கிறது, பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் செல்களில் அந்தச் சுவர் இல்லாததால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை. புரதம் செய்யும் ஏற்பாடும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து, நம் செல்லையே தன் பிரதிகளைச் செய்ய வைக்கிறது. அதனிடம் போய்ப் பென்சிலின் எதை உடைக்கும்? ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு, தட்டம்மை எல்லாம் வைரஸ் வேலை. வைரஸுக்கு மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, எச்.ஐ.வி.யைக் கட்டி வைக்க மருந்து இருக்கிறது, ஹெபடைடிஸ் சி-யைக் குணப்படுத்தவே மருந்து வந்துவிட்டது. அவை வேறு மருந்துகள். வேறு!

பாக்டீரியாக்களுக்குள்ளேயே ஒன்றின் குணம் இன்னொன்றுக்குக் கிடையாது. காலராக் கிருமி குடலைத் துளைத்து உள்ளே போவதே இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு நஞ்சை விடும், குடல் உப்பையும் நீரையும் கொட்டித் தீர்க்கும். ஆளைக் கொல்வது அந்த நீரிழப்பு. அதனால்தான் அங்கே முதலில் நீரையும் உப்பையும் ஈடுகட்டுகிறார்கள், ஆன்டிபயாடிக் அதற்கு அடுத்த இடத்தில். டெட்டனஸ் மண்ணில் கிடக்கும், ஆழமான காயத்தில் காற்றுப் படாத இடம் கிடைத்தால் வளர்ந்து நரம்பைப் பிடிக்கும் நஞ்சைச் செய்யும். ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. காசநோய்க் கிருமி இன்னொரு ரகம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். லேபில் அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கு, சிகிச்சை மாதக்கணக்கு. "மூன்று நாள்" என்ற கணக்கை அந்த வீடியோக்காரர் எந்தக் கிருமியிடம் கேட்டு வாங்கினாராம்?

"போட்டால் என்ன நஷ்டம்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். என் அக்காவைக் கேளுங்கள். தொடையில் படர்தாமரை, அதாவது பூஞ்சை. தெரிந்தவர் ஒருவர் ஏதோ க்ரீம் கொடுத்தார், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. நான் முதல் நாளே, "சுரண்டி எடுத்துப் பார்த்துவிடலாம் அக்கா" என்றேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் டெஸ்ட்தான்" என்று வீடே சிரித்தது. தடவியதும் சிவப்பு குறைந்தது, அரிப்பு அடங்கியது. "பாத்தியா?" என்றார்கள். ஸ்டீராய்டு அடக்கியது உடம்பின் எதிர்ப்பை. பூஞ்சை நிம்மதியாக இடுப்பு வரை ஏறியது. படர்தாமரைக்கே உரிய அந்த வட்ட விளிம்புகூட அழிந்துபோய், பார்த்த டாக்டருக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் சுரண்டி எடுத்து ஸ்லைடில் வைத்தபோது பூஞ்சை இழைகள் பளிச்சென்று தெரிந்தன. பூஞ்சையின் செல் பல வகையில் நம் செல்லை ஒத்தது, அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்துகள் குறைவு. அக்கா மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். தோல் மெலிந்து விழுந்த கோடுகள் போகவே இல்லை. "நீ அன்றைக்கே சொன்னாய்" என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. பரவாயில்லை.

அடுத்தது, "எனக்கு மாத்திரை போட்டதும் ஜுரம் விட்டதே". விடும். பெரும்பாலான ஜலதோஷமும் சாதாரண ஃப்ளூவும் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானாகவே அடங்குபவை. விடியும் நேரத்தில் கூவிய சேவல் சூரியனைத் தானே எழுப்பியதாகச் சொல்லிக்கொள்வது மாதிரிதான் இது. நீங்கள் விழுங்கிய மாத்திரை வைரஸைத் தொடக்கூட இல்லை, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் கொன்றது. அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா மாதிரி ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வயிற்றுப்போக்கில் சுருண்டவர்களைக் கேட்டால் தெரியும்.

இதே ஆரம்ப ஜுரம் மலேரியாவாக இருந்தால்? அது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை, ஒட்டுண்ணி. கொசு கடித்ததும் முதலில் கல்லீரலுக்குப் போகும், அப்புறம் ரத்த சிவப்பணுக்களுக்குள் புகும். கொசுவுக்குள் அந்த ஒட்டுண்ணியை டாக்டர் ரொனால்ட் ராஸ் 1897-இலேயே காட்டிவிட்டார். நாம் இன்னும் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறோம். ஒரு துளி ரத்தம், ஒரு ஸ்லைடு, அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

"டெஸ்ட் எடுக்க எல்லாராலும் முடியுமா?" முடியாதுதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம் என்று ஆகிவிடுமா? ரத்தத்தில் கிருமி பரவிய நிலை, மூளைக்காய்ச்சல் மாதிரி அவசரத்தில் ரிசல்ட் வரும் முன்பே டாக்டர் ஆன்டிபயாடிக் ஏற்றத்தான் செய்வார், ஏற்றத்தான் வேண்டும். அதையும் மூக்கொழுகுவதையும் ஒன்றாக வைத்து என்னை மடக்கப் பார்க்காதீர்கள்.

குறைந்த அளவில் மருந்தைக் காட்டினால் கிருமி பழகிக்கொள்ளும் என்று ஃபிளெமிங்கே 1945-இல் தன் நோபல் உரையில் எச்சரித்தார். 2019-இல் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. எனக்கு அது வெறும் எண் இல்லை. கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டில் மருந்துக்கு மருந்து "ரெசிஸ்டன்ட்" என்று டைப் அடிப்பது நான். அதை வாங்க வெளியே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதும் நான். "கொஞ்சம் பொறுங்கள், என்ன கிருமி என்று பார்ப்போம்" என்றால் நான் இரக்கமில்லாதவள், சிரித்துக்கொண்டே மாத்திரை சொல்பவர் நல்லவர். இருக்கட்டும்.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இன்பாக்ஸில் வந்து "அப்போ எந்த மாத்திரைதான் போடலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். காலையிலிருந்து நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், அதில் இரண்டு பேர் நேற்று என்னைத் திட்டியவர்கள்.