நாய்க்குப் போகும் மஞ்சள் கரு

மதியம் ஒரு மணி ஆனால் எங்கள் பள்ளியின் குழாயடிக்கு மூன்று நாய்கள் வந்துவிடும். முட்டையின் மஞ்சள் கருவுக்காகத்தான். வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைத் தூக்கிப் போடுகிற பிள்ளைகள் வகுப்புக்கு ஐந்தாறு பேராவது இருக்கிறார்கள். கேட்டால் "கவிச்சி அடிக்குது டீச்சர்." சாம்பாரில் கிடக்கும் காரட்டும் தட்டு ஓரத்தில் ஒதுங்கி, அதே குழாயடிக்குத்தான் போகிறது.

இவர்களிடம் வகுப்பில் "வைட்டமின் ஏ குறைந்தால்?" என்று கேளுங்கள். "மாலைக்கண் நோய்!" என்று கூரை அதிரும். பி1 பெரிபெரி, சி ஸ்கர்வி, டி ரிக்கெட்ஸ் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்த வைட்டமின் ஏ மஞ்சள் கருவிலும் காரட்டிலும் இருக்கிறது என்பது தட்டின் முன்னால் உட்காரும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, ஓய்வறைக்குப் போய்ச் சாப்பிட்டவள்தான் நானும்.

1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் முட்டை இல்லை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, படிப்படியாக ஏறி, 2010இல் வாரம் ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இத்தனை பாடுபட்டுத் தட்டு வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம். தட்டிலிருந்து வாய்க்குப் போகிற அந்த ஒரு சாண் தூரத்தைத்தான் யாரும் பாடமாக எடுப்பதில்லை.

எடுத்தாலும் எப்படி? சத்தான உணவு பற்றி ஒரு சுவரொட்டி ஒட்டினோம். ஆப்பிள், திராட்சை, புரோக்கோலி. "டீச்சர், அந்தப் பச்சைப் பூ என்ன?" என்றான் ஒருவன். வாசலில் மிளகாய்த்தூள் தூவி விற்கும் கொய்யாவில் ஆரஞ்சைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி. வீட்டில் களி கிண்டும் கேழ்வரகில் எடைக்கு எடை பாலைவிட அதிகக் கால்சியம். இரண்டுமே அந்தச் சுவரொட்டியில் இல்லை. தன் வீட்டுச் சாப்பாடு மட்டம் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் அந்தப் பாடத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம்.

பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. சரி, ஐம்பத்தோராவது மீட்டரில் என்ன செய்வது? அதற்குப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் சர்க்கரை, உப்பு அளவைப் படிக்கத் தெரிய வேண்டும். கணக்கு வகுப்பில் ஒரு நாள் போதும்.

எனக்கு உறைத்தது இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில். வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுப்போம். பெண் பிள்ளைகள் நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்து, வெளியே போய்த் துப்பிவிடுவார்கள். அதட்டிப் பார்த்தேன், பயனில்லை. சத்துணவு அக்காதான் விசாரித்துச் சொன்னார்: "மாத்திரை போட்டா கறுப்பா போகுதாம் டீச்சர், பயந்துபோய்க் கிடக்குதுங்க." இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதை நான் சொல்லவில்லை. அது இரும்பின் நிறம், ஆபத்தில்லை என்று அடுத்த வாரம் வெட்கத்தை விட்டுப் பேசினேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு துப்புவது வெகுவாகக் குறைந்தது.

மஞ்சள் கருவுக்கும் அக்காவிடமே வழி இருந்தது. சூடான சோற்றில் உதிர்த்து, சாம்பார் ஊற்றிப் பிசைந்தால் கவிச்சி தெரியாது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் நானும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அப்படித்தான் பிசைகிறேன். சிலர் சாப்பிடுகிறார்கள். சிலர் இன்னும் நாய்க்குத்தான்.

அங்கே வைத்துத்தான் போன வாரம் சொன்னேன், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்று. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

பிளாஸ்க்கை இப்போது மூன்றரை மணிக்குத்தான் திறக்கிறேன்.